ஊரார் பிள்ளைக்கு ஆகாரம்

'ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்ப்பதே ஒரு தொழிலாகும் காலம் வரும் என்று அதைச் சொன்ன பெரியோர் நினைத்திருக்கமாட்டார்கள். இன்று அந்தக் காலம் வந்துவிட்டது. தாயும் தகப்பனும் இருவருமே வேலைக்குப் போகும் குடும்பங்கள் நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் பெருகிவிட்டன. பாட்டியோ அத்தையோ உடனில்லாத வீட்டார், காலை எட்டு மணிக்குக் குழந்தையை அடுத்த தெருவிலுள்ள ஓர் அம்மாளிடம் ஒப்படைத்து, மாலை ஆறு மணிக்குத் திரும்ப அழைத்து வருகிறார்கள். அந்தப் பத்து மணி நேரத்தில் குழந்தை என்ன சாப்பிட்டது என்று கேட்டால், "சாதம் சாப்பிட்டான்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. அதற்குமேல் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

இது பெண்கள் கவனிக்கவேண்டிய அடுப்பங்கரைச் சங்கதி; அரசியல் பேசும் இந்தப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். அவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67.1 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். தமிழ்நாட்டில் இந்த விகிதம் 57.4. அதற்கு முந்திய 2015-16 ஆய்வில் அது 50.7-ஆக இருந்தது. 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கும் ராஜ்யத்தில், இரத்தம் குன்றிய குழந்தைகளின் தொகை குறையாமல் கூடியிருக்கிறது! வயிறு நிறைவது வேறு, உடம்பு வளர்வது வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா? பாலர் பருவத்தில் இரத்தம் குன்றினால் தேகம் மட்டுமன்றிப் புத்தியின் வளர்ச்சியும் தடைப்படும். அந்த நஷ்டத்தைப் பிற்காலத்தில் எந்தக் கலாசாலையும் ஈடுசெய்ய இயலாது. ஆகவே இது ராஜீய விஷயந்தான்.

இந்த உண்மை நமக்குப் புதிதன்று. நம்முடைய நீலகிரி மலையிலுள்ள குன்னூரில், 1918-ல் டாக்டர் ராபர்ட் மக்காரிஸன் ஒரே ஓர் அறையில் தமது ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி ஜனங்கள் உண்ணும் ஆகாரங்களை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து, அவை எப்படி வளருகின்றன என்று அவர் நிறுத்துப் பார்த்தார். சீக்கியரின் ஆகாரத்தைத் தின்ற எலிகள் முதலிடத்தில் நின்றன. சென்னை ராஜதானியின் அரிசி ஆகாரத்தைத் தின்றவை கடைசியில் நின்றன. இரு கூட்டமும் வயிறாரத் தின்றவையே. 1937-ல் அதே குன்னூரிலிருந்து டாக்டர் ஏக்ராய்டு, இந்திய உணவுகளின் சத்தையும் திருப்திகரமான ஆகாரத்தைத் திட்டமிடும் முறையையும் விளக்கி ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அந்த ஆராய்ச்சி ஸ்தாபனம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசியப் போஷாக்கு ஸ்தாபனமாக விளங்குகிறது. அறிவு நம் மலையில் பிறந்து எத்தனையோ வருஷங்கள் ஆகியும் நம் குழந்தையின் தட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

குழந்தையின் ஆகாரத்தை ஒரு வேளையைக் கொண்டோ ஒரு நாளைக் கொண்டோ மதிப்பிடலாகாது; ஒரு வாரத்தைக் கொண்டே மதிப்பிடவேண்டும். இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம். எல்லாச் சத்தும் ஒரே வேளையில் வந்து சேரவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. இன்று கீரை இல்லையேல் நாளை இருக்கட்டும். ஆனால் ஆறு நாளும் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் பிஸ்கோத்துமாகவே கழிந்தால், அந்த வாரம் குழந்தைக்கு நஷ்டமான வாரம். வாரந்தோறும் இவ்வாறே போனால் அது நஷ்டமான பால்யம்.

இத்தகைய பட்டியல் எழுத வைத்திய சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. சில விதிகள் போதும்.

முதலாவது, வயிற்றின் அளவு. தேசியப் போஷாக்கு ஸ்தாபனத்தின் 2020-ஆம் வருஷக் கணக்குப்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,110 கலோரி வேண்டும். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு 1,010. நாலு முதல் ஆறு வயதுக்கு 1,360. அதாவது, மூன்று வயதுக் குழந்தைக்குத் தகப்பன் ஆகாரத்தில் ஏறக்குறையப் பாதி வேண்டும். வயிறோ மிகச் சிறிது. ஆகையால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கொடுப்பதும், கொடுப்பது நீர்த்துப் போகாமல் இருப்பதும் அவசியம். தண்ணீராய் ஓடும் கஞ்சி வயிற்றை அடைக்குமேயன்றிப் பலம் தராது. கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சினால், அதிக மாவு போட்டாலும் அது இறுகிப்போகாது. முளையில் உண்டாகும் ஒரு சத்து மாவை இளக்கிவிடுகிறது. சாதத்தில் ஒரு சிறு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்ப்பதும் அதே நோக்கத்துக்குத்தான்.

இரண்டாவது, சேர்க்கை. தானியத்தின் புரதத்தில் உள்ள குறையைப் பருப்பு நிரப்புகிறது; பருப்பின் குறையைத் தானியம் நிரப்புகிறது. ஆகவே பருப்போ பயறோ இல்லாத நாள் இருக்கலாகாது. அரிசி ஒன்றையே நம்பியிருப்பதும் பிசகு. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே.

மூன்றாவது, கீரையும் நிறமும். வாரத்தில் மூன்று நாளேனும் கீரை வேண்டும். பரங்கி, காரட், பப்பாளி, மாம்பழம் முதலிய மஞ்சள் நிறத்தவை மூன்று நாள் வேண்டும். கண்ணைக் காக்கும் ஏ வைட்டமின் இவற்றால் கிடைக்கும். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றில் ஒன்றை உடன் சேர்த்தால் ஒட்டும். தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கும். அவை குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

நாலாவது, அபாயம். முழு நிலக்கடலையும் முழுத் திராக்ஷையும் சிறு குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்தும் நறுக்கியும் கொடுக்கவேண்டும். ஒரு வயதாகாத சிசுவுக்குத் தேன் ஆகாது. எந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாது என்பதைச் சேர்க்கும் நாளிலேயே கேட்டு, சமைக்குமிடத்தில் எழுதி ஒட்டிவைக்கவேண்டும்.

இவ்விதிகளின்படி ஒரு வாரத்தை எழுதிப் பார்ப்போம். திங்கட்கிழமை காலை முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி, பகல் சாதம், துவரம்பருப்பு, எலுமிச்சைச் சாறு பிழிந்த அரைக்கீரை மசியல், மாலை வாழைப்பழம். செவ்வாய் காலை இட்லியும் சாம்பாரும், பகல் காரட்டும் பீன்ஸும் சேர்த்த பருப்புச் சாதம், வேகவைத்த முட்டை, மாலை பப்பாளி. புதன் காலை பாலில் ஊறிய அவல். பகல் சாதம், நன்றாக மசித்த கொண்டைக்கடலைக் குழம்பு, பரங்கிக்காய்க் கூட்டு. மாலை வெல்லம் சிறிதே சேர்த்த நிலக்கடலைப் பொடி. வியாழன் காலை முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, பகல் சாதம், பருப்பு ரசம், முட்டை அல்லது முள் நீக்கிய மீன், மாலை ஆரஞ்சு. வெள்ளி காலை வெண்பொங்கல், பகல் சிறுகீரைச் சாம்பார், தயிர், மாலை கொய்யா. சனி காலை மோர் கலந்த கம்பங்கூழ், பகல் சாதம், மொச்சைக் குழம்பு, காரட் பொரியல், மாலை வாழைப்பழம். முட்டை உண்ணாத வீட்டுக் குழந்தைக்கு அன்று தயிரும் மசித்த பயறும் கூட்டிக்கொள்ளலாம். எண்ணிப் பாருங்கள்: கீரை மூன்று நாள், சிறுதானியம் மூன்று நாள், பருப்பும் பயறும் ஆறு நாளும், பழம் ஐந்து நாள். இதில் கடைவீதியில் கிடைக்காத பண்டம் ஒன்றாவது உண்டா?

ஆட்சேபங்கள் எழுவது இயல்பு. செலவாகும் என்பர். முருங்கையும் கேழ்வரகும் கொய்யாவும் செலவாளிகளின் ஆகாரம் அல்ல. தாளில் கட்டி விற்கும் பிஸ்கோத்துக்கும் நொறுக்குத் தீனிக்கும் கொடுக்கும் பணமே இவற்றில் பெரும்பகுதிக்குப் போதும். குழந்தை தின்னாது என்பர். புதிய பண்டத்தை ஒருமுறை துப்பிய குழந்தை அதை என்றைக்கும் வெறுத்ததாக எண்ணலாகாது. எட்டுப் பத்துத் தடவை, பழகிய பண்டத்தோடு சிறிதளவு வைத்து, வற்புறுத்தாமல் விட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் என்பது ஆராய்ச்சியாளர் கண்டது. பட்டியல் இருந்தால்தான் அத்தனை தடவை அந்தப் பண்டம் தட்டுக்கு வரும்.

மற்றோர் ஆட்சேபம் நியாயமானது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு நாம் கொடுப்பது சொற்பம். அதிலே இத்தனையும் எதிர்பார்க்கலாமா? எதிர்பார்க்கலாகாது. கூலியைக் குறைத்துவிட்டுச் சத்தைக் கூட்டிக் கேட்பது தர்மமல்ல. பட்டியலுக்கு உரிய விலையைப் பெற்றோர் தரவேண்டும். சர்க்காரும் இந்த விஷயத்தில் உத்தமர் அல்லர். அங்கன்வாடிப் பெண்களைத் தொண்டர்கள் என்றே வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அவர்களுக்கும் பணிக்கொடை உரிமை உண்டென்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது.

சட்டம் இந்த விஷயத்தில் மெல்ல மெல்லவே அறிவு பெற்றது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஆலையின் குழந்தைக் காப்பகத்தில் இலவசமாகப் பாலோ சிற்றுண்டியோ கொடுக்க விதி செய்யலாம் என்றது. 2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம், அங்கன்வாடியில் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் என்று அளவு சொல்லிற்று. இரும்பு, சுண்ணாம்பு, வைட்டமின்கள் முதலியவற்றைச் சேர்த்து 2023-ல்தான் அந்த அட்டவணை திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் பட்டியல் ஒரு நாளில் வளர்ந்ததல்ல. 1982 ஜூலை 1-ல் தொடங்கிய சத்துணவில், 1989-ல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து முட்டை ஆயிற்று. 2013-ல் நாளுக்கொரு வகைச் சாதம் என்று சோதனை தொடங்கிற்று. பட்டியலில் கூடிய ஒவ்வொரு வரியும் லக்ஷக்கணக்கான தட்டுகளில் விழுந்த ஒரு கவளம்.

ஆனால் அடுத்த தெரு அம்மாள் வீட்டுக்கு அந்தக் கலோரிக் கணக்கு செல்லாது. அங்கே அவரும் பெற்றோரும் செய்துகொள்ளும் உடன்படிக்கையே சட்டம். சுவரில் ஒட்டிய வாரப் பட்டியலே அதன் பத்திரம். பத்திரம் இல்லாத உடன்படிக்கையின் கதியை நீதிமன்றம் ஏறினவர்கள் நன்றாக அறிவார்கள். பட்டியல் ஒட்டியிருந்தால் பகலில் கேழ்வரகு தின்ற குழந்தைக்கு இரவில் வேறு தானியம் கொடுக்கலாம். அங்கே விடுபட்டதை வீட்டில் நிரப்பலாம். சமைத்தது மாறினால் மாறியதை எழுதும்படி கேட்கலாம். கேட்பதைக் குற்றம் சாட்டுவதாக நினைக்க வேண்டியதில்லை. பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வதே அதன் பொருள்.

ரேஷன் கடையில் ஒரு கிலோ அரிசி குறைந்தால் ஊர்வலம் போகிறோம். தெரு விளக்கு எரியாவிட்டால் மனு எழுதுகிறோம். நம் வார்டிலுள்ள அங்கன்வாடியில் இன்றைக்கு என்ன சமைத்தார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பொதுக் காரியத்தில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் இந்த வாரம் ஒரு நாள் அங்கே போகட்டும். பட்டியல் எழுதியிருக்கிறதா, எழுதியபடி சமைக்கிறார்களா, கீரை வந்ததா, வராவிட்டால் குற்றம் ஊழியரிடமா, சரக்கு அனுப்புவோரிடமா என்று விசாரிக்கட்டும். தம் குழந்தையை ஒப்படைக்கும் வீட்டிலும் அப்படியே கேட்கட்டும். மூன்று வயதுக் குழந்தை மனுப்போடாது. வாக்குச் சீட்டும் அதன் கையில் இல்லை. பசித்தால் அழும். ஆனால் சத்துக் குறைந்தால் அழக்கூட அதற்குத் தெரியாது. அதன் சார்பில் வழக்காட வேண்டியவர்கள் நாமே.