இரண்டாவது ரகீமா, முதலாவது நாஸா?

ஒரு புதுமுகத்தின் முதல் ஆல்பத்துக்கு ஒப்பீடே விளம்பரம் ஆனது. பிறகு அதுவே சுமையும் ஆனது.

1994 ஏப்ரல் 19. ‘இல்மாட்டிக்’ என்ற ராப் ஆல்பம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து சேர்ந்த நாள். பாடியவர் நாஸ் என்கிற நாஸிர் ஜோன்ஸ். வயது 20. படிப்பு எட்டாம் வகுப்பு வரை. அதுவரை சொந்தமாக ஒரு ஆல்பம்கூட வெளியிடாத அந்த நியூயார்க் இளைஞருக்கு ராப் ரசிகர்கள் முன்கூட்டியே பட்டம் சூட்டியிருந்தார்கள்: ‘இரண்டாவது ரகீம்’. புதுமுகத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இதைவிடப் பெரிய ஆபத்தும் கிடையாது.

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டைச் சேர்ந்த ரகீம், டிஜே எரிக் பியுடன் சேர்ந்து 1987-ல் வெளியிட்ட ‘பெய்ட் இன் ஃபுல்’ ராப்பின் இலக்கணத்தையே மாற்றிப் போட்டது. அதற்கு முன் ராப் என்றால் பெரும்பாலும் உரத்த குரல், வரியின் கடைசியில் வந்து விழும் ஓர் ஒத்த ஓசை, அவ்வளவுதான். சிறு வயதில் சாக்ஸஃபோன் பழகி, ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு வளர்ந்த ரகீம் குரலைத் தாழ்த்தினார். ஒரு வரியில் தொடங்கிய வாக்கியத்தை அடுத்த வரிக்குள் நீட்டினார். எதுகை, மோனை பழகிய தமிழ்க் காதுகளுக்கு விஷயம் சுலபமாகப் புரியும்: வரிக் கடைசியில் மட்டும் வந்துகொண்டிருந்த ஓசையை அவர் வரியின் நடுவிலும் நிரப்பினார். அப்போது அவருக்கு வயது 19.

ஐந்தே ஆண்டுகளில் நான்கு ஆல்பங்கள். 1992-க்குப் பிறகு ஜோடி பிரிந்தது. ரகீமின் தனி ஆல்பம் வர 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்காலி காலி. எல்லோர் கண்ணும் நாஸ் பக்கம் திரும்பியது.

காரணம் இருந்தது. 1990-ல் வெளியான ரகீமின் மூன்றாவது ஆல்பத்தில் வேலை செய்த தயாரிப்பாளர் லார்ஜ் ப்ரொஃபசர், ரகீம் ஸ்டூடியோவுக்கு வராத நேரங்களில் பதின்வயது நாஸை உள்ளே அழைத்துப் பாட வைத்துப் பதிவு செய்தார். 1991-ல் தன்னுடைய மெயின் சோர்ஸ் குழுவின் பாடல் ஒன்றிலும் அவருக்குச் சில வரிகள் கொடுத்தார். அந்தச் சில வரிகளே நாஸின் பெயரைப் பரப்பப் போதுமானதாக இருந்தன. அதே தாழ்ந்த குரல், அதே உள் ஓசைகள். ஒப்பீடு தொடங்கிவிட்டது.

ஆனால் ஒப்பீட்டில் விட்டுப்போன ஒன்று உண்டு. அது, நாஸ் வளர்ந்த இடம். குவீன்ஸ்பிரிட்ஜ், வட அமெரிக்காவின் மிகப் பெரிய அரசுக் குடியிருப்பு. 1939-ல் திறக்கப்பட்டது. ஆறு மாடிகள் கொண்ட 96 கட்டடங்கள், 3,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 1980-களில் கிராக் கொக்கெய்ன் இந்த வளாகத்தையும் விட்டுவைக்கவில்லை. நாஸின் தாய் தபால் துறை ஊழியர். தந்தை ஒலு தாரா ஜாஸ் கலைஞர். 1992-ல், அதே கட்டடத்தில் வசித்த நாஸின் உயிர் நண்பர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று குண்டடி பட்ட நாஸின் தம்பி பிழைத்துக்கொண்டார்.

இங்கேதான் இருவரின் பாதையும் பிரிகிறது. ரகீமின் முக்கியமான பாடுபொருள் ரகீம்தான்: தன் திறமை, மைக்கின் முன் தனக்கு நிகரில்லை என்ற சவால். நாஸ் அதே கருவியை எடுத்து ஜன்னலுக்கு வெளியே திருப்பினார். மாடிப்படியில் நிற்கும் பையன்கள், போலீஸ், துப்பாக்கி, திரும்பி வராத நண்பர்கள். ‘ஒன் லவ்’ பாடல் சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களாகவே அமைந்தது.  வெளியே என்ன நடக்கிறது என்ற செய்தியை அவை சொல்கின்றன. ஆல்பத்தின் அட்டையில் குவீன்ஸ்பிரிட்ஜ் தெருவின்மீது படிந்திருப்பது நாஸின் குழந்தைப் பருவ முகம்.

மொத்தம் பத்தே தடங்கள், 40 நிமிடத்துக்கும் குறைவு. ஒரே தயாரிப்பாளரை வைத்து முழு ஆல்பத்தையும் முடிப்பது வழக்கமாக இருந்த காலத்தில் டிஜே பிரீமியர், பீட் ராக், க்யூ-டிப், லார்ஜ் ப்ரொஃபசர், எல்.இ.எஸ். என்று ஐந்து பேர் இதில் முக்கியப் பங்கு வகித்தார்கள். ஒரு பாடலின் முடிவில் கேட்கும் கார்னெட் வாத்தியம் தந்தை ஒலு தாரா வாசித்தது.

ராப் பத்திரிகையான ‘தி சோர்ஸ்’ ஐந்துக்கு ஐந்து ‘மைக்’ கொடுத்துக் கொண்டாடியது. ஆனால் கல்லாப் பெட்டி அந்த அளவுக்கு நிறையவில்லை. முதல் வாரம் விற்றவை சுமார் 60,000 பிரதிகள். பில்போர்டு பட்டியலில் 12-வது இடம். ஐந்து மாதங்களுக்கு முன் வந்த கலிஃபோர்னியாக்காரர் ஸ்னூப்பின் முதல் ஆல்பமோ முதல் வாரத்திலேயே முதலிடத்தில் அமர்ந்திருந்தது. ‘இல்மாட்டிக்’ வெளியாகும் முன்பே திருட்டு கேசட்டுகள் தெருவுக்கு வந்துவிட்டதும் விற்பனையை அடித்தது. 5 லட்சம் விற்பனைக்கான தங்கச் சான்றிதழ் 1996-ல்தான் வந்தது. 10 லட்சத்துக்கான பிளாட்டினம் 2001-ல்.

1996-ல் வந்த இரண்டாவது ஆல்பம் முதலிடம் பிடித்தது. ஆனால் விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள்: ‘இது இல்மாட்டிக் இல்லையே!’ அன்று முதல் நாஸின் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் இதே அளவுகோல். ரகீமின் நிழலிலிருந்து வெளியே வந்தவர் 20 வயது நாஸின் நிழலில் மாட்டிக்கொண்டார்.

ஆனால் பழைய கடனை அவர் மறைக்கவில்லை. 2004-ல் வெளியிட்ட ஆல்பத்தில் ரகீமின் வாழ்க்கைக் கதையையே ஒரு பாடலாக்கினார். 2021-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ‘இல்மாட்டிக்’கைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டில், வேறொரு ஆல்பத்துக்காக, நாஸின் முதல் கிராமி விருதும் வந்தது. அவருக்கு அப்போது வயது 47.

நல்ல முதல் ஆல்பத்தோடு யாராவது அறிமுகமானால் ராப் ரசிகர்கள் இப்போதும் ஒப்பிடத்தான் செய்கிறார்கள். பெயர் மட்டும் மாறிவிட்டது. இப்போது கேட்கும் கேள்வி, ‘இது இன்னொரு இல்மாட்டிக்கா?’