கழுத்து வலி: சொடக்கா, சிகிச்சையா?

ரயில்வேயில் முப்பது வருஷம் பாலத்துக் கர்டர்களை அண்ணாந்து பார்த்த கழுத்து என்னுடையது. ஓய்வு பெற்று வலியசாலைக்கு வந்தபின் ஒரு நாள் காலையில் தலையைத் திருப்ப முடியவில்லை. "சலூனில் ஒரு சொடக்கு எடுத்தால் சரியாகிவிடும்" என்றார் அடுத்த வீட்டுப் பெரியவர். அமெரிக்காவிலிருக்கும் மகனோ போனில், "கைரோபிராக்டிக் பண்ணிக்கோங்கோ அப்பா" என்றான்.

1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் தொடங்கிய முறை அது. முதுகெலும்பைக் கையால் அசைத்துச் சரிசெய்வார்கள். அங்கே அதற்குப் படிப்பும் உரிமமும் உண்டு. சிலருக்கு வலி குறைவதும் உண்மையே. ஆனால் கழுத்தின் 7 எலும்புகளை ஒட்டி, அவற்றின் பக்கத் துளைகள் வழியே மூளைக்கு இரத்தக்குழாய்கள் செல்கின்றன. வேகமாகத் திருகும்போது மிக அபூர்வமாகக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். சலூன் சொடக்குக்கோ படிப்பும் இல்லை, பரிசோதனையும் இல்லை.

எனக்கு விரல்களும் மரத்திருந்தன. ஆகவே முதலில் டாக்டரிடம் போனேன். நரம்பு அழுந்தியிருப்பதாகச் சொன்னார். பிசியோதெரபி பயிற்சிகளைத் தினமும் செய்தேன். இரண்டு மாதத்தில் குணமானது. ஆயுர்வேதத்தில் நம்பிக்கையுள்ளவர்களுக்கு 1889-இல் தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது. காரணத்தை அறிந்துகொண்டு போகலாம்.

கை கால் பலவீனம், நடையில் தள்ளாட்டம், காய்ச்சல், கீழே விழுந்தபின் வலி ஆகியவை இருந்தால் கழுத்தைத் திருக யாரையும் விடாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். பாலத்தில் விரிசல் கண்டால் முதலில் சோதனை, பிறகுதான் சுத்தியல். கழுத்துக்கும் அதே விதிதான்.