கல் இல்லாதோரின் கல்லறை

அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டம், பெயருக்கேற்ப மரங்கள் அடர்ந்த தோட்டமாகவே இருக்கிறது. அது தோன்றக் காரணம் ஒரு வேதனை. அந்நாளில் டப்ளினின் கல்லறைகள் ஆங்கிலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் இருந்தன. 1823இல் கத்தோலிக்கக் குரு ஒருவர் அடக்கச் செபம் சொன்னபோது தடுக்கப்பட்டார். மக்கள் கொதித்தனர். டேனியல் ஓ'கானலின் முயற்சியால், எல்லாச் சபையினருக்குமான இக்கல்லறைத் தோட்டம் 1832இல் திறக்கப்பட்டது. முதலில் அடக்கம் செய்யப்பட்டவன் 11 வயதுச் சிறுவன்.

இன்று அங்கே துயில்வோர் 15 இலட்சத்திற்கும் மேல். காலராவிலும் பஞ்சத்திலும் மடிந்த ஏழைகள் பலருக்குக் கல்லே இல்லை. கடல் கடந்து சென்ற குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் முன்னோரைத் தேடி வந்து, கற்களுக்கிடையே அலைந்தால் ஏமாற்றமே மிஞ்சும். முதலில் அடக்கப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பெயர், வயது, வசித்த இடம் எல்லாம் அதில் உண்டு. கல் இல்லாதவருக்கும் ஏட்டில் ஒரு வரி இருக்கிறது.

நம் பங்குகளிலும் அடக்கம் முடிந்ததும் இறந்தோர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1182. ('பிறகு எழுதலாம்' என்று தள்ளிப்போடும் பழக்கம் குருக்களாகிய நமக்கும் உண்டு!) நவம்பர் 2 அன்று கல்லறை மந்திரிப்புக்கு வருமுன், வீட்டுப் பெரியவர்களிடம் தாத்தா பாட்டியின் பெயரையும், பிறந்தவுடன் இறந்த குழந்தைகளின் பெயரையும் கேட்டு எழுதி, பங்கு அலுவலகத்தில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.