டீன் அறைச் சுவரில் ஒரு பலகை

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அம்மா அவர். மகள் அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். இடம் பிடித்தவள். மடத்துக்குளம் பக்கத்தில் உள்ள அவர்கள் தெருவிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போகும் முதல் பிள்ளை. சேர்க்கை நாளன்று நாங்களும் துணைக்குப் போயிருந்தோம்.

டீன் அறைக்கு வெளியே காத்திருந்தபோது சுவரில் ஒரு மரப்பலகையைப் பார்த்தோம். இதுவரை இருந்த டீன்களின் பெயர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற விவரத்தோடு பொன்னிற எழுத்தில் இருந்தன. சிலர் மூன்று மாதமே இருந்திருக்கிறார்கள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'பொறுப்பு' என்று இருந்தது.

எழுத்துக்கூட்டி எல்லாப் பெயரையும் படித்த அம்மா, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, இதுல நம்ம சனம் யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. அது நல்ல வழக்கம்தான். ஆனால் மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கீழே அப்படியல்ல. அந்த வராண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் அம்மா ஐந்தே நிமிடத்தில் உறவுமுறை கண்டுபிடித்துவிட்டார்.

மாணவர் சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம் உண்டு. அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பழங்குடியினருக்கு 1 சதவீதம். இது வாசல். உச்சியில் இருக்கும் துணைவேந்தர், இயக்குநர் பதவிகளோ ஒற்றை நாற்காலிகள். ஒரே ஒரு பதவி உள்ள இடத்தில் சுழற்சி முறையில்கூட இடஒதுக்கீடு தரக்கூடாது, தந்தால் அது நூறு சதவீதம் ஆகிவிடும் என்று 1998 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அந்த வழக்கே ஒரு மருத்துவ நிறுவனத்தின் வழக்குதான், சண்டிகர் பி.ஜி.ஐ. ஒற்றை நாற்காலியில் காலம் காலமாக மற்றவர்களே உட்கார்ந்தால் அது எத்தனை சதவீதம் என்று நாம் கேட்கலாம் அல்லவா?

நாற்காலி கைமாறுவது எப்போதுமே தாமதம்தான். 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரிக்கு ஓர் இந்தியர், ஏ.லட்சுமணசாமி முதலியார், முதல்வராக வர நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. பிறகு அவரே 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். அவர் திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கிய நாற்காலி அடுத்து எந்தத் தெரு வரை வந்தது என்பதே நம் கேள்வி.

இன்றைய சண்டை வேறு. துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா, மாநில அரசா என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 ஏப்ரல் 8இல் தீர்ப்பும் வந்தது. மாநில உரிமை முக்கியம், நாமும் அதன் பக்கம்தான். ஆனால் தேடுதல் குழு கொடுக்கும் மூன்று பெயர் கொண்ட பட்டியலில் நம்மவர் பெயர் ஏறுகிறதா என்று இரு தரப்பிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

டெல்லி எய்ம்ஸிலும் இப்படித்தான். 2006 முதல் 2008 வரை இயக்குநர் வேணுகோபாலை நீக்குவதா வைப்பதா என்று நாடே பேசியது. அதே நேரத்தில் சுகதேவ் தோரட் குழு அங்கே நம் மாணவர்களிடம் பேசியது. செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் மதிப்பீடு நியாயமாக இல்லை என்று பேட்டி கண்டவர்களில் 84 சதவீதம் பேர் சொன்னதாக 2007 மே மாத அறிக்கையில் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் பரிசோதகர் வாயில் வருவதுதான் மதிப்பெண். அந்த மதிப்பெண்தான் மேற்படிப்பு, பேராசிரியர், துறைத் தலைவர் என்று ஏறிப்போகும் படியின் முதல் கல்.

ஓய்வுக்குப் பிறகும் படி உண்டு. தகைசால் பேராசிரியர், கௌரவ டாக்டர் பட்டம் என்று விழா எடுப்பார்கள். இவற்றுக்கு இனச்சுழற்சிப் பட்டியல் எதுவும் கிடையாது, ஏற்கெனவே மேலே இருப்பவர்கள் பார்த்துக் கொடுப்பதுதான். அண்ணல் அம்பேத்கருக்கே கொலம்பியா 1952இல் கௌரவப் பட்டம் கொடுத்த பிறகுதான் இங்கே உஸ்மானியா 1953இல் கொடுத்தது.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் ஒரு வேலை செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்து மருத்துவக் கல்லூரிக்கும் எழுதுங்கள். பேராசிரியர், துறைத் தலைவர், டீன், தகைசால் பேராசிரியர் ஒவ்வொன்றிலும் இதுவரை எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. எத்தனை பேர் என்று கேளுங்கள். யாருடைய சாதியையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

எங்கள் மனுவை அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் 'பொறுப்பு' போட்டவங்களையும் சேர்த்துக் கேளுங்க" என்றார். சேர்த்துவிட்டோம்.