தசைச் சூடும் தில்லிக் குளிரும்

புது தில்லி: தில்லியிலும், தேசிய விளையாட்டு நிறுவனம் அமைந்துள்ள பாட்டியாலாவிலும் ஜனவரிக் காலைகளில் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்குவதுண்டு. உடற்பயிற்சியால் சூடேறிய வீரர் தன் முறைக்காக அரை மணி நேரம் காத்திருந்தால், தசை மீண்டும் குளிர்ந்துவிடுகிறது. தசையின் வெப்பம் 1 டிகிரி உயர்ந்தால் கால்களின் ஆற்றல் சுமார் 4 சதவீதம் கூடும் என்பது விளையாட்டு அறிவியலில் பழைய செய்திதான்.

அதைக் களத்துக்குக் கொண்டு வந்தது பிரிட்டன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அந்நாட்டு சைக்கிள் வீரர்கள், பாட்டரியால் சூடேறும் காற்சட்டையை அணிந்து காத்திருந்தனர். உள்ளரங்கப் பந்தயங்களில் 10 தங்கங்களில் 7 அவர்களுக்கே. காற்சட்டையே வென்று தந்தது எனக் கூறிவிட முடியாது. ஆயினும், லாஃபரோ பல்கலைக்கழக ஆய்வில், 30 நிமிடக் காத்திருப்பின்போது அதை அணிந்திருந்தவர்களின் உச்ச ஆற்றல், சாதாரண உடையில் இருந்ததைவிட ஏறத்தாழ 9 சதவீதம் அதிகமாக இருந்தது.

குறுந்தூர ஓட்டம் போன்ற, சில நொடிகளில் முடியும் போட்டிகளுக்கே இது பொருந்தும். கோடையில் நெடுந்தூரம் ஓடுபவருக்கு முன்கூட்டியே உடல் சூடாவது கேடு; அவருக்குத் தேவை பனிக்கட்டி.

2010 காமன்வெல்த் போட்டிக்காக தில்லியில் மரத்தளம் கொண்ட சைக்கிள் அரங்கம் கோடிக்கணக்கான ரூபாயில் எழுந்தது. காத்திருப்பு அறையில் கம்பளியும் வெந்நீர்ப் பையும் வைக்க அவ்வளவு நிதி வேண்டியதில்லை. வடமாநிலங்களில் குளிர்காலத்தில் நடைபெறும் தேர்வுப் போட்டிகளிலேயே இதைத் தொடங்கலாம்.