சூட்டில் அடம் பிடிக்கும் 911

சென்ற வாரம் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும் கதை பார்த்தோம். இந்த வாரம் அதற்கு நேர்மாறான தொல்லை.

1978 முதல் 1983 வரை வந்த போர்ஷே 911 எஸ்சி. காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். நெடுந்தூரம் ஓட்டிவந்து, அணைத்த கையோடு மறுபடி போட்டாலும் பிடிக்கும். காபி குடித்துவிட்டு அரை மணி கழித்து வந்தால்தான் வம்பு. செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும்; இன்ஜின் பிடிக்காது.

உடனே பேட்டரியையும் பிளக்கையும் மாற்றுகிறார்கள். செலவுதான் மிச்சம். கோளாறு சாவியைத் திருப்பும்போது நடப்பதே இல்லை. கார் சும்மா நின்ற அந்த அரை மணியில் நடந்து முடிந்துவிடுகிறது.

இந்தக் காரில் இருப்பது பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்ஷன் அமைப்பு. ஓடும்போது பெட்ரோல் லைனில் சுமார் 5 பார் அழுத்தம். அணைத்த பிறகு இன்ஜெக்டர் திறக்காத அளவுக்கு அது இறங்க வேண்டும். ஆனால் பூஜ்யத்துக்குப் போய்விடக் கூடாது. காற்றால் குளிரும் இன்ஜின் இது. இன்ஜின் நின்றால் அது சுழற்றும் ஃபேனும் நின்றுவிடும். மூடிக்குள் சூடு ஏறும். அழுத்தம் இருந்தால் பெட்ரோலின் கொதிநிலை உயரும், குக்கருக்குள் தண்ணீருக்கு நடப்பதுபோல. அழுத்தம் கசிந்துவிட்டால் லைனுக்குள்ளேயே ஆவியாகிவிடும். ஆவியைத் தள்ளி முடிக்கும்வரை செல்ஃப் சுற்ற வேண்டியதுதான்.

அப்படியானால் காலையில் மட்டும் எப்படிப் பிடிக்கிறது? ராத்திரியில் ஆவி குளிர்ந்து திரும்பப் பெட்ரோல் ஆகிவிடும். போதாததற்குக் கோல்டு ஸ்டார்ட் வால்வு தனியாகப் பீய்ச்சிக் கொடுக்கும். இன்ஜின் சூடாக இருந்தால் அந்த வால்வு வேலை செய்யாது. கசிவை அதுவரை மறைத்து வைத்திருந்ததே அதுதான்.

ஆகவே பிரஷர் கேஜை மாட்டி, ஓட்டிச் சூடேற்றி, அணைத்துவிட்டு முள்ளைக் கவனிக்க வேண்டும். 20 நிமிடம் போனாலும் 1 பாருக்கு மேல் நிற்க வேண்டும். விழுந்தால், கேஜின் குழாயை மூடி இன்ஜின் சூட்டுக்கேற்பக் கலவையைச் சரிசெய்யும் வார்ம்-அப் ரெகுலேட்டரைத் துண்டித்துவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது நின்றால் அதுதான் குற்றவாளி. இல்லையென்றால் பெட்ரோல் திரும்பிப் போகாமல் தடுக்கும் பம்பிலுள்ள செக் வால்வு, அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் அக்யூமுலேட்டர் ஆகிய இரண்டின் மேல் சந்தேகம். அக்யூமுலேட்டரின் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றிப் பம்பை ஓடவிட்டால் அங்கிருந்து பெட்ரோல் வரக் கூடாது. வந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. (சூடான இன்ஜின் பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம், ஆறவிடுங்கள்.) ஹோஸில் பெட்ரோல் வராவிட்டால் செக் வால்வை மாற்றிப் பார்க்கலாம், விலையும் குறைவு, வேலையும் குறைவு.

பெட்ரோல் வாடையோடு கரும்புகை கக்கிக்கொண்டு கிளம்பினால் கதை வேறு. இன்ஜெக்டரோ கோல்டு ஸ்டார்ட் வால்வோ சொட்டுகிறது; இன்ஜினுக்குப் பெட்ரோல் குறைவாக இல்லை, கூடுதலாகப் போகிறது.

பிடிவாதமாகச் செல்ஃப் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கலவை சரியில்லாமல் இன்ஜின் காற்றை உள்ளிழுக்கும் பாதையிலேயே வெடித்தால் (பேக்ஃபயர்) பிளாஸ்டிக் ஏர்பாக்ஸ் பிளந்துவிடும். இந்த மாடலில் அது பேர்போன நோய். அதற்கென்றே வெடிப்பின்போது தானே திறந்து மூடும் பாப்-ஆஃப் வால்வு விற்கிறார்கள். முதலில் அதை வாங்கிப் போடுங்கள்.