சபையில் யார் என்ன பேசினார்? தட்டினால் தெரியும்!

தொகுதியில் ஒரு பேச்சு, சபையில் வேறு பேச்சு. இப்படிப்பட்ட அரசியல்வாதியைக் கையும் களவுமாகப் பிடிக்க என்ன வழி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா சட்டமன்றத்தில் செனட்டில் 40, அசெம்பிளியில் 80 என 120 உறுப்பினர்கள். பல மசோதாக்களின் தலையெழுத்து கமிட்டிக் கூட்டங்களிலேயே முடிவாகிவிடும். யார் என்ன சொன்னார் என்று அறிய, மணிக்கணக்கில் வீடியோ பார்க்க வேண்டியிருந்தது.

2015-ல் கால் பாலி பல்கலைக்கழகம் 'டிஜிட்டல் டெமாக்ரஸி' தளத்தைத் தொடங்கியது. முன்னின்றவர், முன்னாள் செனட்டர் சாம் பிளேக்ஸ்லீ. கூட்டத்தில் பேசியதைக் கணினி எழுத்தாக்கியது. 'தண்ணீர்' என்று தேடினால், அதைப் பற்றிப் பேசிய உறுப்பினர் மட்டுமல்ல, சாட்சி சொல்ல வந்த லாபியிஸ்ட்டும் சிக்குவார்!

2016-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 'புரொபொசிஷன் 54', கூட்ட வீடியோக்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றுவதைக் கட்டாயமாக்கியது. 2024-ல் 'கால்மேட்டர்ஸ்' செய்தி நிறுவனம் அதே பெயரில் புதிய தளத்தைக் கொண்டுவந்தது. பேச்சோடு வாக்கும் நன்கொடையும் ஒரே இடத்தில். 'வேண்டாம்' என்று சொல்லாமல், வாக்களிக்காமலேயே மசோதாக்களைச் சாகடிக்கும் உறுப்பினர்களின் வழக்கம் இதனால் வெளிச்சத்துக்கு வந்தது.

ஒரே எச்சரிக்கை: கணினி தவறாகவும் எழுதும். ஒருவர்மீது குற்றம் சொல்லும்முன், வீடியோவை ஓடவிட்டு அவர் குரலிலேயே கேட்டுவிடுங்கள்!